பவளத்தேர் கேட்ட பிள்ளை

விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று ஒரு பிள்ளை அடம்பிடிக்கிறது. பிள்ளையின் பெயர் புலந்திரன்; தாய் அல்லி, தகப்பன் அர்ச்சுனன். தேருக்குப் பவளம் தேடிப் புறப்படும் அர்ச்சுனன், பவளம் விளையும் இடத்தில் பவளக்கொடியைக் கண்டு மயங்கி, வந்த வேலையை மறக்கிறான். கதை இவ்வளவுதான். வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். இந்தச் சின்னக் கதைதான் நூறாண்டுக்கு மேலாகத் தென்மாவட்டத்துக் கோயில்கொடைகளில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய நடக்கும் இசை நாடகமாக நிற்கிறது. அதை மேடைக்கு எழுதிக் கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் யாப்புப் படித்துவிட்டு, உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 1891இல், இருபத்து நான்கு வயதில் நாடகத்துக்குப் போனார். உப்புக் கணக்குப் பிள்ளை பவளக் கதை எழுதினார் என்று சொல்லும்போது பொருத்தம் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்தப் பொருத்தம் இல்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாத கதை எட்டு மணி நேர மேடையை எப்படித் தாங்குகிறது? கதை சிறியதாக இருப்பதால்தான் தாங்குகிறது என்பது என் எண்ணம்.

அல்லியும் புலந்திரனும் பவளக்கொடியும் வியாச பாரதத்தில் இல்லை. அர்ச்சுனன் மணந்த சித்திராங்கதை பாண்டியன் மகள் என்று தென்னாட்டுப் பாரதப் பாடங்கள் சொல்லும் ஒரு நூலிழையைப் பிடித்துக்கொண்டு, யாரோ இங்கே நெய்த கதைகள் இவை. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு, ஏணியேற்றம் என்று தனித்தனிக் கதைப்பாடல்களாக வழங்கின. அச்சு வந்த பிறகு இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்ற பதிப்பகங்கள் அவற்றைப் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களாகப் போட்டுத் திருவிழாக் கடைகளில் விற்றன. அட்டையில் புகழேந்திப் புலவர் பெயர் இருக்கும். நளவெண்பா பாடிய கைதான் இதையும் எழுதியது என்று நம்ப முடியாது. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டதற்கு நியாயம் உண்டு. ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் இராகம் போட்டு வாசிக்க, தெருவே உட்கார்ந்து கேட்கும் புத்தகம் அது. வாசிப்பவர் மூச்சுவிட நிறுத்தும் இடங்களில் கேட்பவர்கள் அல்லிக்காகப் பரிந்து பேசுவார்கள், அர்ச்சுனனைத் திட்டுவார்கள். அச்சில் இல்லாத பாதிக் கதை அந்தப் பேச்சில்தான் இருந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் எதை எடுத்தார் என்பதைவிட எதை எடுக்காமல் விட்டார் என்பது இன்னும் நல்ல சாட்சி. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இல் அச்சேற்றினார். சுவாமிகள் நாடகத்துக்கு வந்த மறு ஆண்டு அது. யாப்புக் கற்ற மனிதருக்கு அந்தப் புத்தகத்தின் அருமை தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் அவருடைய கோவலன் நாடகம் இளங்கோவின் வழியில் போகவில்லை. நாட்டார் கோவலன் கதையின் வழியில் போனது. அந்தக் கதையில் காளியே பாண்டியனுக்கு மகளாகப் பிறக்கிறாள். நாட்டுக்கு ஆகாதவள் என்று பெட்டியில் வைத்து நீரில் விடப்படுகிறாள். வணிகர் வீட்டில் கண்ணகியாக வளர்கிறாள். இளங்கோவின் கதையில் எல்லாம் காரணத்தோடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்து நடுவில் ஒரு பாட்டு நுழைக்க வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டும். நாட்டார் கதையோ கூரை வேயாத வீடு மாதிரி, எங்கே வேண்டுமானாலும் பாயைப் போட்டு உட்காரலாம். கணக்குப் பிள்ளைக்கு எந்தச் சரக்கு மேடையில் போகும் என்று தெரிந்திருந்தது.

மேடை இசை நாடகத்துக்குச் சிறிய கதைகள்தான் தோதானவை என்று கண்டுகொண்டது நம் ஊர் மட்டும் இல்லை. நியூயார்க்கின் பிராட்வேயில் 1950இல் அரங்கேறிய ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ டேமன் ரன்யன் பத்திரிகைகளில் எழுதிய சிறுகதைகளிலிருந்து பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘சவுத் பசிபிக்’ ஜேம்ஸ் மிச்சனரின் கதைத்தொகுதியிலிருந்து வந்தது. 1964இன் ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ ஷோலம் அலைக்கெம் யித்திஷ் மொழியில் பல ஆண்டுகளாக அவ்வப்போது எழுதிய பால்காரன் தெவ்யேவின் கதைகளைச் சேர்த்துத் தைத்தது. இம்மூன்றிலும் கதையின் முடிச்சுகள் மாறிப்போயின. ஆனால் ரன்யனின் சூதாடிகள் எதையும் நிகழ்காலத்திலேயே, சட்டம் பேசுகிற தோரணையில் சொல்லும் அந்தப் பேச்சு மேடையிலும் ஒலித்தது. தெவ்யே கடவுளிடம் வழக்காடும் குரல் அப்படியே பாட்டுக்குள் வந்துவிட்டது. பேச்சு மேடை ஏறும், சம்பவத்தை மாற்றிக்கொள்ளலாம். இதுவரை நம் நாடகமும் அவர்களுடையதும் ஒரே பாதைதான். பிரிகிற இடம் ஒன்று உண்டு. அவர்கள் சின்னக் கதைகளுக்கு இடையிலிருந்த இடைவெளிகளைத் தைத்து மூடி, ஒவ்வோர் இரவும் அதே நொடியில் அதே பாட்டு வரும்படி பூட்டிவிட்டார்கள். இங்கே அந்த இடைவெளிகளைத் திறந்தே வைத்தார்கள்.

திறந்து வைத்தது எங்கே என்று கேட்டால், தர்க்கத்தில். இசை நாடகம் பார்க்கப் போகிறவர்கள் கதை தெரிந்துகொள்ளப் போவதில்லை; அது பாட்டி சொன்ன கதை. வள்ளி நாடகத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்கப் போகிறார்கள். நாரதர் வேடமிட்டவர் ஒரு கேள்வியைப் பாட்டில் போடுவார், வள்ளி அதே சுருதியில் பதிலைப் பாடிவிட்டு வசனத்தில் ஒரு குத்து வைப்பார். ஆர்மோனியக்காரர் இருவருக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் காற்றடிப்பார். மிருதங்கக்காரரும் ஆல்ரவுண்ட் தாளக் கருவிகள் வாசிப்பவரும் அடுத்து என்ன வரும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சுவாமிகள் எழுதிய பாட்டு ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், தர்க்கம் தீராது. பவளக்கொடியும் இந்த இனம்தான். நாயகன் வேடக்காரரான ராஜபார்ட்டும் நாயகி வேடக்காரரான ஸ்திரீபார்ட்டும் எதிரெதிரே நின்று பாடி மோதிக்கொள்வதற்காகவே கதை இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. வள்ளி தினைப்புனத்தில் கிளியும் குருவியும் விரட்டும் காட்சி விடுதலைப் போராட்டக் காலத்தில் என்ன ஆனது என்று பார்த்தால் இந்த இடைவெளியின் ஆழம் தெரியும். நாடக நடிகர் விசுவநாததாஸ் அந்த இடத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டைப் பாடினார். கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த எல்லோருக்கும், போலீசுக்கும் தெரிந்தது. பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. கந்தபுராணத்தில் இருந்து வந்த ஒரு பறவை விரட்டும் காட்சி இவ்வளவையும் இழுத்து வந்ததற்குக் காரணம் அந்தக் காட்சியில் கதை அசையாமல் நின்றுவிடுகிறது என்பதுதான். கதை நின்ற இடத்தில் காலம் நுழைந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு சாட்சியைச் சுவாமிகளின் வாழ்க்கையிலிருந்தே காட்டலாம். அது வலுவான ஆட்சேபம். வயது வந்த நடிகர்கள் சொன்னபடி கேட்காததால்தான் அவர் சிறுவர்களை வைத்துக் கம்பெனி நடத்தத் திரும்பினார். 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். பாடம் கொடுத்து, மனப்பாடம் செய்யவைத்து, எழுதியதை எழுதியபடி பேசவைப்பதுதான் பாய்ஸ் கம்பெனியின் வேலை. அப்படியானால் ஆசிரியரே மூட நினைத்த ஓட்டையை நீங்கள் வாசல் என்கிறீர்களே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் பால சபையில் நடந்த ஒரு காரியமே இதற்குப் பதில் சொல்கிறது. ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் வியந்து சொல்லியிருக்கிறார். அதுவும் பெரிய எழுத்துக் கதைதான். ஒரு மனிதர் ஓர் இரவில் முழு நாடகம் எழுதுவது மேதைமை, சந்தேகமில்லை. கூடவே, எலும்புக்கூடு ஊரார் எல்லோர் தலையிலும் முன்பே இருந்தது என்பதும் காரணம். அவர் சதையைப் பாட்டாக வைத்தால் போதும். நடிகர்கள் கட்டுப்பாடில்லாமல் பேசியதும் அவர் தடையில்லாமல் எழுதியதும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. பின்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். பாய்ஸ் கம்பெனிகள் மறைந்துவிட்டன. ஸ்பெஷல் நாடகம் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து ராஜபார்ட், மதுரையிலிருந்து ஸ்திரீபார்ட், வேறோர் ஊரிலிருந்து பபூன் என்று தனித்தனியாகப் பேசி முடித்த நடிகர்கள், ஒத்திகை இல்லாமல், இயக்குநர் இல்லாமல், அன்றிரவு மேடையில்தான் சந்திக்கிறார்கள். விடியும்வரை தடுமாற்றமில்லாமல் நடத்துகிறார்கள். சுவாமிகள் எழுதிய பாட்டு பொதுச்சொத்தாக எல்லோர் தொண்டையிலும் இருப்பதால் அது முடிகிறது. அவர் எழுதியது கெட்டியான சட்டம்; நடிகர்கள் நெய்வது அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தில். சட்டம் இல்லாவிட்டால் வெற்றிடமும் இருக்காது.

பாட்டு வந்து கதையைக் கெடுக்கிறது என்ற பழைய குறை இன்னொன்று. சுவாமிகள் மேடைக்கு வந்த அதே 1891இல்தான் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் நடிக்கும், உரைநடை பேசும், நேரத்துக்கு முடியும் நாடகம் அவருடையது. அந்த அளவுகோலால் அளந்தால், சாகப்போகிறவன் இராகம் பாடுவது அபத்தம். அளவுகோல் வேறு என்பதற்குமேல் இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

அல்லியைப் பற்றிய குறை அப்படித் தள்ளக்கூடியதில்லை. கதைப்பாடலில் அவள் மதுரையை ஆள்கிறவள், ஆண்வாடை வேண்டாம் என்று இருப்பவள். அர்ச்சுனன் கிருஷ்ணனின் சூழ்ச்சியோடு பாம்பாகி அவள் படுக்கையறைக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டுகிறான். இன்று இதை எந்தப் பெயரிட்டு அழைப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்ட பெண் மனைவியாகிறாள். பிறகு சக்களத்தியோடு பங்குபோடும் மனைவியாகிறாள். இந்தக் கதையை மேடைக்குக் கொண்டுவந்தது பெண்ணை அடக்கும் பாடத்தைத்தான் ஊர்ஊராகப் பரப்பியது என்ற வாதத்தில் உண்மை உண்டு, முடிவை மட்டும் பார்த்தால். ஆனால் மேடையில் எதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கப்படுகிறது என்பதும் கருத்துத்தான். சமாதானமும் கல்யாணமும் நடக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும்; பாதிச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும். ஊர் கண்விழித்துக் கேட்டது நள்ளிரவில் நடந்த வழக்கை. ஒரு பெண் ஓர் ஆணின் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து நிறுத்தி, மூவாயிரம் பேருக்கு முன்னால், பாட்டில் அவனை மடக்கிய வழக்கு அது. மங்கலம் பாடி முடிப்பது மரபு, கேட்டது கேட்டதுதான். ஸ்திரீபார்ட்டுக்குக் கையொலி விழுந்த அந்த இடத்தை எந்த முடிவும் திரும்பப் பெற முடிவதில்லை. அதற்காக அல்லி தப்பித்தாள் என்று சொல்லிவிட மாட்டேன். அவளை மடக்கிய கதையும் அவளைப் பேசவிட்ட மேடையும் ஒன்றையொன்று சரிசெய்யவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

எனக்கு உண்மையில் இடறும் ஆட்சேபம் கடலைப் பற்றியது. தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பைச் ‘சலாபம்’ என்றார்கள். சிப்பி கிடக்கும் கடலடிப் படுகைக்குப் ‘பார்’ என்று பெயர். குளிப்பவர்கள் இறங்கும் முன் சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரர் ஒருவர் வேண்டும், அவர் ‘கடல்கட்டி’. சலாபத்தை நடத்திய ஆங்கில அரசாங்கமே அவருக்குப் படி கொடுத்து வைத்துக்கொண்டது, இல்லாவிட்டால் யாரும் குதிக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட சொற்கள் காதில் விழும் ஊரிலிருந்து போன மனிதரின் நாடகத்தில் பவளம் இருக்கிறது, பவளம் எடுக்க மூழ்கும் ஆள் இல்லை. தூத்துக்குடியில் 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டுகளில் அந்த ஊரில் ‘பவளம்’ என்றால், கோரல் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளே பவளம் என்பதால், ஆர்வி துரைமாரின் அந்த ஆலை என்றும் பொருள் கொள்ளலாம். பவளக்கொடி நாடகத்துக்குள் அந்தச் சத்தம் வரவில்லை. கரையோரப் பரதவர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கராகி, தங்கள் புனிதர்களின் கதைகளுக்குத் தங்கள் கூத்தை வைத்திருந்தார்கள். சுவாமிகளின் பட்டியலிலும் ஞானசௌந்தரி இருக்கிறது என்பது கொஞ்சம் ஆறுதல். அதுவும் கடல் கதை இல்லை.

இடம் விட்டதெல்லாம் நல்லதற்கே என்று வாதிட நான் வரவில்லை. வெற்றிடத்தை நடிகர்கள் எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்பது அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், யார் பணம் கொடுத்து அழைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. நாடகத்தை அழைத்தது பெரும்பாலும் உள்நாட்டு விவசாயக் கிராமங்களின் கோயில்கள். அங்கே தர்க்கத்தில் மழையும் விதைப்பும் வரும், பார் வராது. ஆனாலும் கதைக்குள்ளேயே ஒரு கடல் இருக்கிறது, யாரும் பாடாத கடல். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை உண்டு. அதைச் சுண்ணாம்புக்காக வெட்டினார்கள். மாலைக்குக் கோக்கும் சிவப்புப் பவளம் அங்கே விளையாது. அது மத்திய தரைக்கடலிலிருந்து வந்த சரக்கு. ரோமர்கள் இந்திய முத்தின்மேல் வைத்த ஆசைக்கு ஈடாக இந்தியர்கள் பவளத்தின்மேல் ஆசை வைத்தார்கள் என்று முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்தார். அதே நூற்றாண்டின் பெரிப்ளூஸ், முசிறிப் பக்கம் இறங்கிய சரக்குகளில் பவளத்தைச் சொல்கிறது. கொற்கையில் முத்தெடுக்கக் குற்றவாளிகளை மூழ்கவைத்ததையும் சொல்கிறது. எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார்ப் பக்கத்துக் குதிரைமலையில், அல்லி அரசாணி கோட்டை கட்டி முத்துப் பார்களை ஆண்டாள் என்ற கதை இன்னும் வழங்குகிறது. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அல்லி இந்தக் கரையின் முத்து. பவளக்கொடி அயலிலிருந்து இறக்குமதியான சரக்கு. அர்ச்சுனன் இரண்டுக்கும் நடுவில் அலையும் வியாபாரி. இதற்கு ஆவணம் காட்ட முடியாது, வாசிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கையில் முத்து இருக்கும் வீட்டில் பிறந்த பிள்ளை, முத்துத்தேர் கேட்காமல் ஏன் பவளத்தேர் கேட்டது என்பதற்கு இதைவிடப் பொருந்தும் விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த நாடகம் 1934இல் படமானது. கே. சுப்ரமணியம் இயக்கினார். மேடையில் அர்ச்சுனனாகப் பெயர் வாங்கியிருந்த தியாகராஜ பாகவதரும், பவளக்கொடியான எஸ்.டி. சுப்புலட்சுமியும் அதில்தான் திரைக்கு வந்தார்கள். ஐம்பது பாட்டுகள்; கூட்டம் அலைமோதியது. படச்சுருளில் பதிந்தபின் அர்ச்சுனன் என்ன கேட்டாலும் பவளக்கொடி அதே பதிலைத்தான் சொல்வாள். பிராட்வே செய்ததை நம் சினிமா ஒரே படத்தில் செய்து முடித்தது. நல்ல காலமாக மேடை நின்றுவிடவில்லை. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதற்குப் பிறகு பார்களில் முத்துக்குளிப்பு இல்லை, சங்கு குளிப்பவர்கள் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். உள்நாட்டில் எங்காவது ஒரு கொடையில், காடு வரைந்த படுதாவுக்கு முன்னால், கண்ணாடிமணி நகை போட்ட ஸ்திரீபார்ட், நீ எந்த ஊர், எதற்கு இங்கே வந்தாய் என்று அர்ச்சுனனைப் பாட்டில் கேட்கிறார். பவளம் தேடி வந்தேன் என்பதுவரை எழுதிய பாட்டு இருக்கிறது. எந்தக் கடலைத் தாண்டி என்று அவர் மேலும் மடக்கினால், ராஜபார்ட் தானாகவே ஒரு பதிலைக் கட்டியாக வேண்டும். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.